அப்பாவின் கணக்கு 70 வரை

1995 ஜூன் மாதம் அப்பா ஓய்வு பெற்றார். தாணேயில் ஓர் எஞ்சினியரிங் தொழிற்சாலை. ஸ்டோர்ஸ் பிரிவில் 31 ஆண்டுகள். பம்பாய், மும்பை என்று பெயர் மாறிய ஆண்டு அது. பிராவிடண்ட் ஃபண்ட், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது ரூ. 4.80 லட்சம். என் திருமணக் கடனில் பாக்கியிருந்த 80,000 ரூபாயை முதல் வேலையாக அடைத்தார். மீதி 4 லட்சம். மாதா மாதம் வரும் ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. செம்பூரில் சொந்தமாக ஒரு படுக்கையறை வீடு இருந்தது. அவ்வளவுதான்.

ஸ்டோர்ஸ்காரர் என்பதால் எதையும் எழுதி வைப்பார். நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வயதை எழுதினார். 58இல் தொடங்கி 70இல் முடித்தார். "எழுபதோடு ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன். "எங்கப்பா 64. எங்கண்ணன் 66. எனக்கு எழுபதே தாராளம்மா" என்றார். அம்மா சமையலறையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 53. அந்த நோட்டில் அம்மாவின் வயதுக்கு ஒரு பத்தி வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் 3 லட்சம் போட்டார். அப்போது வட்டி 13 சதவீதம். மாதம் 3,250 ரூபாய். மீதி ஒரு லட்சம் வங்கியில், 12 சதவீதத்துக்கு. அதில் மாதம் ஆயிரம். ஆக வருமானம் 4,250. வீட்டுச் செலவு 3,200. மிச்சமாகும் 1,050 ரூபாயையும் வங்கியில் போட்டுவந்தார். மாதம் பிறந்ததும் தபால் நிலையத்துக்கு நடந்துபோய்ப் பணம் வாங்கி வருவதில் அவருக்குத் தனிப் பெருமை. "பிள்ளைங்ககிட்ட கை நீட்ட வேண்டியதில்லை" என்று அம்மாவிடம் சொல்வார்.

பங்குச் சந்தை பக்கம் அவர் போகவில்லை. காரணம் இருந்தது. 1992 ஏப்ரலில் சென்செக்ஸ் 4,400ஐத் தாண்டியபோது தொழிற்சாலைக் கான்டீனில் எல்லோரும் பங்கு பற்றித்தான் பேசினார்கள். அதே மாதத்தில் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளியே வந்தது. ஓராண்டில் சென்செக்ஸ் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. அப்பாவின் நண்பர் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தைப் பங்குகளில் போட்டிருந்தார். அந்தக் கல்யாணம் மூன்று ஆண்டு தள்ளிப்போனது. 24 சதவீத வட்டி தருவதாக விளம்பரம் செய்த நிதி நிறுவனங்களையும் அப்பா தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொட்டார், அசலே திரும்பவில்லை. எந்த மோசடிக்காரனும் அப்பாவிடமிருந்து ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை. அவ்வளவு எச்சரிக்கையான மனிதர்.

2001இல் அஞ்சலகத் திட்டத்தின் ஆறு ஆண்டுகள் முடிந்தன. முதிர்வுக்குப் பத்து சதவீத போனஸாகக் கிடைத்த 30,000 ரூபாய் மழைக்கால ஒழுகலைச் சரிசெய்யப் போயிற்று. மூன்று லட்சத்தை மறுபடியும் போட்டார். இப்போது வட்டி 9.5 சதவீதம். 3,250 ரூபாய் வந்த இடத்தில் 2,375. அப்பா நோட்டில் அந்த எண்ணை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலை வாங்குவதை நிறுத்தினார்.

2006இல், 69 வயதில், அப்பா காலமானார். கடைசி மூன்று வாரம் மருத்துவமனையில். வங்கியில் இருந்ததில் பெரும்பகுதி அங்கே கரைந்தது. அடுத்த ஆண்டு அஞ்சலகக் கணக்கு மறுபடி முதிர்ந்தபோது வட்டி 8 சதவீதம். அதே மூன்று லட்சத்துக்கு மாதம் 2,000 ரூபாய். அம்மா ஒருவருக்கே அப்போது மாதம் ஐந்தாயிரத்துக்கு மேல் செலவானது. நாக்பூரில் இருக்கும் அக்காவும் முலுண்டில் இருக்கும் நானும் ஆளுக்கு 1,500 ரூபாய் கொடுத்துவந்தோம். "இன்னும் வேணுமாம்மா?" என்றால், "அப்பா வச்சுட்டுப் போனதே மிச்சமாகுது" என்பார். நாங்களும் நம்பினோம். நம்புவது சௌகரியமாக இருந்தது.

2012இல் ஒரு நாள் காலை அம்மா குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். ரத்தக் கொதிப்பு மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் கேட்டார். சாப்பிடுகிறார் என்றேன். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். அப்பா போனபிறகு அதே நோட்டில்தான் அம்மா செலவு எழுதிவந்தார். 2009 வரை எல்லா மாதமும் 'மாத்திரை' என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பின் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம். ஒரு மாதத்து மாத்திரையை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இரண்டு மாதத்துக்கு ஓட்டியிருக்கிறார்.

அதன்பிறகு அம்மாவை எங்களோடு அழைத்துவந்தோம். 2021இல் காலமாகும்வரை மாத்திரைக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை நான் மருந்துக் கடைக்குக் கிளம்பும்போதும் "உனக்கு எதுக்கு வீண் செலவு" என்பார். அந்தக் கூச்சம் கடைசிவரை போகவில்லை.

அப்பாவின் கணக்கை நான் பலமுறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் கூட்டல் பிழை கிடையாது. 70 வரை போட்டார், 69இல் போனார். அவருக்கு அது சரியாகத்தான் இருந்தது. அம்மாவுக்குத்தான் 15 ஆண்டு குறைந்துபோயிற்று. நம் வீடுகளில் பெரும்பாலும் மனைவி வயதில் இளையவர். பொதுவாகப் பெண்களின் ஆயுளும் அதிகம். அப்படியிருந்தும் ஓய்வுக்காலக் கணக்கை ஆண்கள் தங்கள் வயதை வைத்தே போடுகிறார்கள்.

இன்னொரு பிழை வட்டியில். 13 சதவீதம் கிடைத்த காலத்தில் விலைவாசியும் 8, 10 சதவீதம் என்று ஏறிக்கொண்டிருந்தது. அப்படியானால் வந்த வட்டியில் பெரும்பகுதி உண்மையில் வருமானம் அல்ல. அசலின் மதிப்பு குறையாமல் இருக்க மறுபடி அசலில் சேர்க்கவேண்டிய பணம். அப்பா ஆயிரம் ரூபாய் சேர்த்தார், போதவில்லை. மூன்று லட்சம் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்தார். ரூபாய் நோட்டுகள் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றால் வாங்கக்கூடிய அரிசியும் மருந்தும்தான் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தன.

பங்குகளில் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1995 நடுவில் சென்செக்ஸ் மூவாயிரத்துச் சொச்சம். 2003 ஏப்ரலில் ஏறக்குறைய அதே மூவாயிரம். எட்டு ஆண்டில் ஒன்றுமில்லை. பிறகு 2007 முடிவில் 20,000ஐத் தொட்டது. மறு ஆண்டே பாதிக்கும் கீழே போயிற்று. மாத வட்டியை நம்பி வாழும் 58 வயது மனிதர் அந்த எட்டு ஆண்டுகளைப் பொறுத்திருக்க முடியாது. பொறுக்கக்கூடிய பணத்தை மட்டுமே அங்கே போடலாம். அந்தப் பணத்தை 28 வயதில் ஒதுக்கியிருக்க வேண்டும். 28 வயதில் அப்பா அக்காவுக்குப் பால் பவுடர் வாங்கிக்கொண்டிருந்தார்.

என் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2004 ஆகஸ்டில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் வந்தது. 60 வயதானவர்களுக்கு 9 சதவீத வட்டி. அலுவலகத்தில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். 2007இல் அம்மாவின் பணத்தை அதற்கு மாற்றியிருந்தால் மாதம் 2,000க்குப் பதில் 2,250 ரூபாய் கணக்காகியிருக்கும். வித்தியாசம் 250 ரூபாய்தான். அம்மாவின் மாத்திரைச் செலவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஊராருக்கெல்லாம் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்த நான், அம்மாவின் பாஸ்புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை.

இன்னொன்று: 1998இல் வேலை மாறியபோது பிராவிடண்ட் ஃபண்டில் இருந்த 40,000 ரூபாயைப் புதிய கணக்குக்கு மாற்றாமல் கையில் வாங்கினேன். கலர் டி.வி., ஃபிரிட்ஜ். இரண்டும் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டன. அந்தப் பணம் 8.5 சதவீதத்தில் கிடந்திருந்தால்கூட 27 ஆண்டில் மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். வேலை மாறும்போது பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள் என்று இப்போது அலுவலகத்தில் இளைஞர்களிடம் சொல்கிறேன். சிரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் சிரித்தேன்.

எனக்கு இப்போது 57. தனியார் ஊழியர்களுக்கு 1995 நவம்பரில் வந்த ஓய்வூதியத் திட்டம் எனக்கு உண்டு. 2014இல் நிர்ணயித்த 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பின்படி கணக்கிட்டால், 35 ஆண்டு உழைத்தவருக்கும் மாதம் 7,500 ரூபாய் அளவில்தான் வரும். எங்கள் வீட்டுச் செலவு மாதம் 50,000. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டில் இது ஒரு லட்சம். 24 ஆண்டில் இரண்டு லட்சம். முதன்முதலில் இதைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நானும் கணவரும் 2010இல்தான் விழித்துக்கொண்டோம். மாதம் 5,000 ரூபாயில் தொடங்கி, சம்பளம் உயர்ந்தபோதெல்லாம் கூட்டி, இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவருகிறோம். சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் வாங்கி வைத்திருக்கும் திட்டம் அது. எந்தப் பங்கு ஏறும் என்று ஊகிக்க யாருக்கும் சம்பளம் தரவேண்டியதில்லை, கட்டணம் குறைவு. கட்டணம் சின்ன விஷயம் அல்ல. மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 ஆண்டு போட்டு, ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் சுமார் 1.58 கோடி. அதில் ஒரு சதவீதம் கட்டணமாகப் போய் 10 சதவீதமே வளர்ந்தால் 1.33 கோடி. ஒரு சதவீதத்தின் விலை கால் கோடி ரூபாய்.

2020 ஜனவரியில் 41,000க்கு மேல் இருந்த சென்செக்ஸ் மார்ச் 23இல் 26,000க்குக் கீழே வந்தது. கணவர் விற்றுவிடலாம் என்றார். எனக்கும் கை பரபரத்தது. அப்பாவின் நண்பரின் முகம் ஞாபகம் வந்தது. ஆனால் அவர் போட்டது மறு ஆண்டுக் கல்யாணப் பணம். எங்களுடையது பத்து ஆண்டுக்குத் தொடாத பணம். அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். நவம்பரில் 42,000ஐத் தாண்டியது. தாண்டாமல் எட்டு ஆண்டு கிடந்திருந்தாலும் சும்மா இருந்திருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. முடிந்திருக்குமா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இப்போது பணத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறோம். ஓய்வு பெற்ற பிறகு முதல் ஐந்து ஆண்டுச் செலவுக்கானது வங்கியிலும், வயது வந்ததும் மூத்த குடிமக்கள் திட்டத்திலும். அடுத்த பகுதி பி.எஃப்., பி.பி.எஃப். (1990களில் 12 சதவீதம் தந்த பி.பி.எஃப். 2020 ஏப்ரலில் 7.1 ஆனது என்பதை மறக்காமல்தான்.) மூன்றாவது பகுதி பங்குகளில், எனக்கு 70 வயதாகும்வரை அதைத் தொடுவதில்லை. இதில் ஏதாவது ஒன்று ஏமாற்றும். எது என்று தெரியாததால்தான் மூன்று. வரும் வட்டி முழுவதையும் செலவழிப்பதில்லை என்பது இன்னொரு முடிவு.

கணக்கை அப்பாவின் நோட்டிலேயே எழுதினேன். பின்பக்கம் நிறையத் தாள்கள் காலியாக இருந்தன. கணவருக்கு 61. அவர் பெயரில் ஒரு பத்தி, என் பெயரில் ஒரு பத்தி. அவர் பத்தி 85இல் நிற்கிறது; என்னுடையது 92 வரை போகிறது. "அதுக்குள்ள என்னை அனுப்பிட்டியா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எந்தக் கணக்கு எந்த வங்கியில், வாரிசு நியமனம் எங்கெங்கே செய்திருக்கிறது என்று பக்கத்தில் அவரே எழுதினார். ஒவ்வோர் ஏப்ரலிலும் இருவரும் உட்கார்ந்து அதைப் படிக்கிறோம். மாத்திரைக்குத் தனி வரி உண்டு.