மேடைக்கு எதிரே நிற்கும் மேசை

இசைக்குழு ஒன்றைப் பற்றி இளம் ரசிகர் ஒருவர் சொல்லும் கருத்து அக்குழுவின் திறமையைப் பற்றியதாகவே வழக்கமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. பாடகரின் குரல் எடுபடவில்லை, தாளம் அமுங்கிவிட்டது, பாட்டு போனில் கேட்டதுபோல் இல்லை என்று நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில் வழங்கப்படும் தீர்ப்புகளில் பாதிக்கு மேல், கலைஞருக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று ஒலியைக் கொண்டுசேர்க்கும் தொழிலாளர்களின் கைவேலையைச் சார்ந்தவை என்பதைத் தீர்ப்பு வழங்குபவரே அறிவதில்லை. சென்னைப் புறநகர்த் திடல் ஒன்றில் மார்கழி இறுதியில் நடந்த இசை நிகழ்ச்சியின்போது, இருபது வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர் லாரியிலிருந்து சாமான் இறங்கிய காலை முதல் அது மீண்டும் ஏற்றப்பட்ட நள்ளிரவு வரை ஒலிக்குழுவினருடனேயே இருந்தார். அவர் கொண்டுவந்த கருத்துகள் அந்த ஒரு நாளில் எவ்வாறு சோதிக்கப்பட்டன என்பதை அடியொற்றி, மேடை ஒலியமைப்பு என்னும் தொழிலையும் அதைச் செய்பவர்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் இத்தொழிலின் வேர் மைக்செட்டில் இருக்கிறது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி இரண்டு, ஆம்ப்ளிஃபயர் எனப்படும் ஒலிமிகைப்பி ஒன்று, இசைத்தட்டுப் பெட்டி ஒன்று ஆகியவற்றைக் கொண்டு, கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை என எந்த விசேஷத்தையும் ஊர் முழுக்க அறிவித்த மைக்செட்காரர்களே பின்னாளில் 'சவுண்ட் சர்வீஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டார்கள். அதே மேடைகளில் வளர்ந்தவைதான் மெல்லிசைக் குழுக்களும். திரைப்படத்தில் புகழ்பெறும் முன்பு எஸ்.பி. பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் இளையராஜாவும் அவருடைய சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் வாசித்தார்கள் என்பது, அம்மேடைகள் எத்தகைய நாற்றங்கால்களாக இருந்தன என்பதைக் காட்டும். திடலில் அன்று மிக்ஸர் முன் அமர்ந்திருந்த ஐம்பது வயதைக் கடந்த மூத்த தொழிலாளரும், சிறுவனாகப் புளியமரத்தில் ஏறிக் கூம்பு கட்டியதில் தொடங்கி இந்த இருக்கைக்கு வந்தவர். எந்தத் திசையில் கட்டினால் பக்கத்து ஊருக்குக் கேட்கும், காற்று திரும்பினால் என்ன ஆகும் என்பதை அவர் மரத்தின் மேலிருந்தே கற்றிருந்தார்.

மாணவர் மூன்று உறுதியான கருத்துகளுடன் வந்திருந்தார். நல்ல குழு மேடையிலும் பதிவில் கேட்டதுபோலவே ஒலிக்க வேண்டும் என்பது முதலாவது. நெஞ்சு அதிரும் அளவுக்குச் சத்தம் இருந்தால்தான் அது நேரடி நிகழ்ச்சி என்பது இரண்டாவது. முன்பே பதிவுசெய்த இசையை, அதாவது 'டிராக்'கை, ஓடவிட்டு அதன்மேல் பாடுவது ரசிகரை ஏமாற்றும் வேலை என்பது மூன்றாவது. இவற்றுக்கு அடியில், அவர் தனியே எண்ணிச் சொல்லாத நான்காவது கருத்து ஒன்றும் இருந்தது: பாட்டின் சொற்கள் புரிய வேண்டும். கானா, ராப், ராக் மூன்றையும் பறையோடு இணைத்து 2018 தொடக்கத்தில் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைப் பள்ளி நாட்களிலேயே கேட்கத் தொடங்கியவர் அவர். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்னும் சிந்தனையிலிருந்து தன் பெயரைப் பெற்ற அத்தகைய குழுவுக்குச் சொல்தான் உயிர் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை.

காலையில் முதலில் நடந்தது ஒலி வேலை அன்று, மின்சார வேலை. ஜெனரேட்டரிலிருந்து வரும் இணைப்பில் எர்த், அதாவது கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கிவிடும் கம்பி, சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற வயர்கள் பிரிக்கப்பட்டன. கிட்டார் வாசிப்பவர் தன் கருவியின் கம்பிகளைத் தொட்டபடியே மைக்கில் வாய் வைக்கிறார்; எர்த் பழுதாக இருந்தால் அவருடைய உதட்டின் வழியாகத்தான் மின்சாரம் பாயும். முந்தைய நாள் மழையில் திடல் ஈரமாக இருந்ததால், வயர்களின் இணைப்புகள் ஒவ்வொன்றும் தரையிலிருந்து தூக்கிச் செங்கல்மேல் வைக்கப்பட்டன. இவ்வேலையைக் கூட்டத்தில் எவரும் பார்க்கப்போவதில்லை. குறையின்றி நடந்தால் அப்படியொரு வேலை நடந்த தடயமே இராது.

அடுத்து மேடையின் இருபுறமும் ஒலிபெருக்கிகள் ஏற்றப்பட்டன. பல பெட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, வாழைத்தார்போல் கீழ்ப்பக்கம் சற்றே வளைந்து தொங்குமாறு அமைக்கும் இம்முறை 'லைன் அரே' எனப்படுகிறது. பிரான்சைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைல் 1992இல் கொண்டுவந்த அமைப்பிற்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. மேற்பகுதிப் பெட்டிகள் தொலைவில் நிற்போரையும் கீழ்ப்பகுதிப் பெட்டிகள் அருகில் நிற்போரையும் நோக்கியிருப்பதால், முன்வரிசையின் காது செவிடாகாமலே பின்வரிசைக்கும் பாட்டு கேட்கிறது. திடல் நீளமானது என்பதால், மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி இன்னொரு கோபுரமும் எழுப்பப்பட்டது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. மின்னோட்டமோ கண்ணிமைக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுகிறது. எனவே பின்கோபுரத்தை அப்படியே ஒலிக்கவிட்டால், அங்கு நிற்பவருக்கு முதலில் கோபுரத்தின் ஒலியும், 0.17 விநாடி கழித்து மேடையின் ஒலியும் கேட்டு, ஒவ்வொரு சொல்லும் இரட்டித்துக் குழம்பும். இதைத் தவிர்க்கக் கோபுரத்தின் ஒலி அந்த அளவுக்கும், அதற்குமேல் இம்மியளவும், தாமதிக்கப்படுகிறது. ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து வந்தால் எது முந்திக் காதை அடைகிறதோ அத்திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாக மனிதர் உணர்கிறார்கள் என்று ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தம் ஆய்வில் விளக்கியதன் பயன்பாடு இது. பின்வரிசை ரசிகர் தம் பக்கத்துக் கோபுரத்தையே மறந்து மேடையைப் பார்த்துக் கைதட்டுகிறார் என்றால், அந்த இம்மியளவுத் தாமதம் சரியாக வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

பிற்பகலில் ஒலிச்சோதனை தொடங்கியது. 'செக், செக், மைக் டெஸ்டிங்' என்று ஒவ்வொரு மைக்கிலும் ஒருவர் சொல்லிச் செல்ல, மேடைக்கு எதிரே கூட்டத்தின் நடுவில் போடப்பட்ட மேசையிலிருந்து மூத்தவர் ஒவ்வொன்றின் அளவையும் குணத்தையும் திருத்தினார். மிக்ஸர் என்பது பல மைக்குகளின் ஒலியைத் தனித்தனியே வாங்கி, வேண்டிய அளவில் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பலகை. அதை இயக்குபவர் கூட்டம் கேட்கும் இடத்திலேயே இருந்தாக வேண்டும் என்பதால்தான் மேசை மேடைக்கு எதிரே நிற்கிறது. அதிக நேரம் எடுத்துக்கொண்டது பறை. இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக் குச்சியும் வலக்கையில் தடித்த அடிக் குச்சியும் கொண்டு அடிக்கப்படும் பறைக்கு இரண்டு வேறுபட்ட குரல்கள் உண்டு. மெல்லிய குச்சியின் சுருக்கென்ற ஒலியும் தடித்த குச்சியின் முழக்கமும் தனித்தனியே தெரியாவிட்டால் அடவு புரியாது. வாசிப்பவர் ஆடிக்கொண்டே வாசிப்பதால் நிலையான தாங்கியில் மைக் வைக்க இயலாது. ஆகவே சட்டத்தின் விளிம்பில் சிறிய மைக் ஒன்று கவ்வவைக்கப்பட்டது. வெயிலில் விறைப்பாக இருந்த தோல் இரவுப் பனியில் தளரும், மேடையின் பின்னே வைக்கோல் மூட்டிக் காய்ச்சியதும் மீண்டும் கணீரென்று எழும் என்பதால், மதியம் வைத்த அளவு இரவுக்கு ஆகாது என்று மூத்தவர் அப்போதே குறித்துக்கொண்டார்.

மாணவரின் முதல் கருத்து இங்கேதான் ஆட்டம் கண்டது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பறைக்கும் குரலுக்கும் தனித்தனி அறை கொடுக்கலாம். மேடையிலோ பறையின் முழக்கம் பாடகரின் மைக்கிலும் ஏறிவிடுகிறது. காலியான திடலில் கூர்மையாகக் கேட்ட ஒலி, ஆயிரக்கணக்கானோர் வந்து நின்றதும், அவர்களின் உடலும் உடையும் மேல்சுருதிகளை உறிஞ்சிக்கொள்வதால் மங்கிவிடுகிறது. பகலில் சூடேறிய தரைக்கு மேல் ஒலி வானை நோக்கி வளைந்து செல்ல, இரவில் தரை குளிர்ந்ததும் அது கீழ்நோக்கி வளைந்து தொலைவுக்குப் பரவுகிறது. பதிவு ஒருமுறை செய்து முடிக்கப்பட்ட பொருள். நேரடி நிகழ்ச்சியோ காற்று, பனி, கூட்டம் ஆகியவற்றோடு நொடிக்கு நொடி பேரம் பேசிப் பெறப்படுவது. மூத்தவர் இதை விளக்கக் கேட்ட மாணவர், "அப்போ ரெக்கார்டு மாதிரியே இருக்கணும்னு கேக்கறதே தப்பா, அண்ணா?" என்றார். "பாட்டு அதே பாட்டா இருக்கணும், தம்பி. சத்தம் இந்த எடத்துச் சத்தமாத்தான் இருக்கும்" என்றார் மூத்தவர். பதிவின் மறுபதிப்பை மேடையில் எதிர்பார்ப்பவர், அந்த இடத்தில் மட்டுமே பிறக்கக்கூடிய ஒன்றைக் கேட்கத் தவறுகிறார்.

இத்தொழில் இல்லாத மேடை எப்படியிருக்கும் என்பதற்கு வரலாற்றில் தெளிவான சான்று உண்டு. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் குழு 55,000க்கும் மேற்பட்டோர் முன் பாடியபோது, விளையாட்டரங்கில் அறிவிப்புக்கென வைக்கப்பட்டிருந்த ஒலிபெருக்கிகளே பாட்டையும் சுமக்க வேண்டியிருந்தது. ரசிகர்களின் கூச்சலில் பாடியவர்களுக்கே தங்கள் குரல் கேட்கவில்லை. மறு ஆண்டு ஆகஸ்டுடன் அக்குழு சுற்றுப்பயண நிகழ்ச்சிகளை நிறுத்திக்கொண்டது. தன் குரலே தனக்குக் கேட்காமல் பாட நேர்ந்த அக்குறையைப் போக்க வந்ததுதான் 'மானிட்டர்', அதாவது கலைஞரை நோக்கித் திருப்பி வைக்கப்படும் ஒலிபெருக்கி.

ஆனால் மானிட்டரின் ஒலி மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் மானிட்டரில் வந்து சுற்றிச் சுழலும்போது காதைக் கிழிக்கும் ஊளை எழுகிறது. இதை 'ஃபீட்பேக்' என்றும், தொழிலாளர் வழக்கில் 'மைக் கத்துது' என்றும் சொல்கிறார்கள். பாடகர்கள் பிடிக்கும் மைக் முன்னிருந்து வரும் ஒலியை மட்டும் வாங்கி, பின்னிருந்து வருவதைத் தள்ளும்படி அமைக்கப்பட்டது. ராப் பாடகர்கள் பலர் செய்வதுபோல் அதன் தலைப்பகுதியை உள்ளங்கையால் பொத்திப் பிடித்தால், அந்தத் திசையறிவு அழிந்து எல்லாப் பக்க ஒலியும் உள்ளே நுழைகிறது. அன்றிரவு இரண்டாம் பாட்டில் அதுவே நடந்தது. கூட்டம் திரும்பி மேசையை முறைக்க, மூத்தவர் ஒரு சுருதியை மட்டும் குறைத்து இரண்டு நொடிக்குள் ஊளையை அடக்கினார். முன்பொருமுறை இதே போன்ற ஊளைக்கு ஒலிக்காரரைத் திட்டியவர்களில் தாமும் ஒருவர் என்று மாணவர் அப்போது ஒப்புக்கொண்டார்.

சத்தம் பற்றிய இரண்டாவது கருத்தை மாற்றியது தொழிலாளர்களின் காதுகள். மூத்தவருக்கு வலக்காதில் ஓயாத ரீங்காரம் உண்டு; தூங்கும்போதும் அது நிற்பதில்லை. 85 டெசிபல் ஒலியில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் தொழில்நலத் துறையினர் வகுத்திருக்கும் கணக்கின்படி, 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் வெறும் 15 நிமிடம். ரசிகர் ஓர் இரவு வந்து போகிறார். ஒலிக்குழுவினருக்கோ திருவிழாக் காலத்தில் எல்லா இரவும் அதுவே. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலும், இசையரங்குகளில் ஒலியின் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. நெஞ்சு அதிர்வது அடித்தொனிப் பெட்டிகளின் வேலை. அதற்காகக் குரலையும் டிரம்ஸின் தட்டுகளையும் காதைத் துளைக்கும் அளவுக்கு ஏற்றத் தேவையில்லை என்பதை மேசையருகே நின்று மாணவர் தாமே கேட்டறிந்தார். குழுவிலிருந்த இளைஞர்களில் ஒருவர்கூடக் காதடைப்பான் அணிந்திருக்கவில்லை என்பது அன்றைய நாளின் வருத்தமான செய்தி. தொப்பியும் கையுறையும் போல அதுவும் கூலியோடு சேர்த்துக் கொடுக்கப்பட வேண்டிய பொருள். அதைக் கேட்டுப் பெறும் நிலையில் நாள்கூலித் தொழிலாளர் இல்லை.

டிராக் பற்றிய கருத்து பாதி மட்டுமே நின்றது. குழு தன்னோடு கூட்டிவர முடியாத வயலின் வரிசையை மட்டும் டிராக்கில் வைத்து, டிரம்ஸ் வாசிப்பவர் காதில் ஒலிக்கும் 'கிளிக்' என்னும் தாளக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு அதனுடன் இம்மி பிசகாமல் வாசிப்பதும் பயிற்சியால் வருவதே. மாறாக, பாடகரின் குரலே டிராக்கிலிருந்து வந்து, மேடையில் வாயசைப்பு மட்டும் நடந்தால் அது ஏமாற்று என்பதில் மாணவரும் மூத்தவரும் ஒருமனதாக இருந்தார்கள். சொற்கள் புரிய வேண்டும் என்ற நான்காவது கருத்தோ சற்றும் அசையவில்லை. குரலுக்கு இடம் கொடுத்து மற்றக் கருவிகளைச் சற்றே விலக்கி வைப்பதே தம் தொழிலின் முதல் பாடம் என்று மூத்தவர் சொன்னார். அன்றிரவு பாட்டின் கடைசிச் சொல்வரை பின்கோபுரத்தருகே தெளிவாகக் கேட்டது.

ஒலிமாசு கட்டுப்பாட்டு விதிகள், 2000, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடைசெய்கின்றன. 10 மணிக்கு ஒலி நின்றதும் கூட்டம் கலைந்தது. ஒலிக்குழுவின் வேலையில் பாதி அதன் பிறகே தொடங்கியது. உதவ முன்வந்த மாணவர் மைக் வயரை முழங்கையில் சுற்றி இழுத்துக் கட்ட, தம் வயதொத்த தொழிலாளி ஒருவர் அதை வாங்கிப் பிரித்தார். ஒரே பக்கமாகச் சுற்றினால் உள்ளிருக்கும் கம்பி முறுக்கேறி அறுந்துவிடும். ஒரு வளையத்தை உள்வாக்கிலும் அடுத்ததை வெளிவாக்கிலும் மாற்றி மாற்றி விட்டால், மறுநாள் வீசியதும் சிக்கின்றி நீளும். ஐந்தாம் வயரில் மாணவரின் கைக்கு அது பிடிபட்டது. ஒரு குழுவை ரசிக்கும் உரிமையோடு, அக்குழு காதில் விழ எத்தனை கைகள் உழைக்கின்றன என்று அறியும் கடமையும் சேர்ந்தே வருகிறது. லாரியின் பின்கதவு மூடும்போது மணி 1. அடுத்த மேடை வேறொரு ஊரில் இருந்ததால், இளைஞர்கள் ஒலிபெருக்கிப் பெட்டிகளின்மேல் தார்ப்பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்கள்.