ஹுன்னஸ்கிரியா வரை கார், அப்பால் ஜீப்

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில் ஹுன்னஸ்கிரியா என்றொரு சிறிய கடைத்தெரு உண்டு. நக்கிள்ஸ் மலைகளுக்குள் இருக்கும் மீமுரே கிராமத்துக்கு வழி அங்கேதான் பிரிகின்றது. குடும்பத்தோடு போகிறவர்கள், எந்த வாகனத்தில் போவது என்பதை அதற்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

எங்களிடம் இருப்பது டொயோட்டா கொரோலா 110 கார், 1,498 சீ.சீ. பெற்றோல். மச்சானிடம் பழைய மிட்சுபிஷி ஜீப், 2,659 சீ.சீ. டீசல். வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த இதை ஜப்பானில் 1953 முதல் 1998 வரை செய்தார்கள்.

கண்டி முதல் ஹுன்னஸ்கிரியா வரை கார்தான் ராஜா. குண்டசாலை, திகனை, தெல்தெனியா என்று தார் வீதி வளைந்து ஏறுகின்றது. 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீருக்குள்தான் பழைய தெல்தெனியா நகரம் கிடக்கின்றது. காரில் இருப்போர் இதையெல்லாம் பேசிக்கொண்டே வரலாம். ஜீப்பின் பின்னால் பக்கவாட்டு ஆசனத்தில் இருப்பவர் கத்தித்தான் பேச வேண்டும். எழுபதைத் தாண்டிய உம்மாவின் முதுகு அந்தக் குலுக்கலைத் தாங்காது. வளைவுகளில் பிடித்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குப் பட்டியும் கிடையாது.

இன்னொன்று. காய்ந்த தார் வீதியில் இந்த ஜீப்பின் நான்கு சக்கர இயக்கத்தைப் போடக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஓடும் தூரம் வேறு. அதை ஈடுசெய்ய நடுவில் எதுவும் இல்லாததால் பாகங்கள் இறுகித் தேயும். அந்த வசதி மண்ணுக்கும் சேற்றுக்கும்தான்.

லூல்வத்தையைக் கடந்து கோர்பட்ஸ் கெப் கணவாயைத் தாண்டி இறங்கும்போது கதை மாறுகின்றது. கீழே முக்கோணமாக நிற்கும் லக்கேகல மலையைப் பார்ப்பதா, பாதையைப் பார்ப்பதா? காரின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் ஒரு சாண் இடைவெளி கூட இல்லை. துருத்திய ஒரு கல் போதும், எண்ணெய்த் தட்டு உடைய. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடி தளரும். ஜீப்பில் தாழ்ந்த கியரைப் போட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். திரும்பி ஏறும்போது காரின் பாரம் பின்னால் சாய்ந்துவிடும். இழுக்கும் முன் சக்கரங்களோ சரளையில் சும்மா சுழலும். காரிலும் போய்வந்ததாகச் சொல்வோர் உண்டு. வெயில் காலத்தில், வெறும் காராக இருந்தால், இருக்கலாம்.

மீமுரே மக்களுக்கு இது உல்லாசப் பேச்சல்ல. நோயாளியை இரவில் வெளியே கொண்டுவருவதும் இதே பாதையில்தான்.

வருடத்தில் ஒரு பயணத்துக்காக ஜீப் வாங்கச் சொல்ல மாட்டேன். காரை ஹுன்னஸ்கிரியாவில் நிறுத்திவிட்டு, பாதை தெரிந்த உள்ளூர்ச் சாரதியின் ஜீப்பை வாடகைக்குப் பிடியுங்கள். வயதானவர்களை முன் ஆசனத்தில் இருத்துங்கள். காலையிலேயே புறப்பட்டால் ஹீன் கங்கையில் உளூச் செய்து லுஹர் தொழலாம். பின்னேரம் மூடுபனி இறங்குமுன் கணவாயைக் கடந்துவிடலாம். சோற்றுப் பொதியும் அட்டைக் கடிக்கு உப்பும் கையோடு இருக்கட்டும்.