‘ஃப்ரம் வென்ஸ்’ கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு ஆங்கிலப் பேச்சுப் போட்டிக்காக எட்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பயிற்சி செய்துகொண்டிருந்தாள். அவள் எழுதி வந்த தாளில் ‘ஃப்ரம் வென்ஸ்’ என்றிருந்தது. “வென்ஸ் என்றாலே ‘எங்கிருந்து’ என்றுதானே பொருள்? முன்னால் ‘ஃப்ரம்’ எதற்கு?” என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுச் சிரித்தேன். அவள் முகம் வாடியது. மறுநாள் போட்டியிலிருந்து பெயரை விலக்கிக்கொண்டாள்.

நான் சொன்ன பொருள் சரிதான். பழைய ஆங்கிலத்தில் இடத்தைக் குறிக்க மூன்று சொற்கள் வழங்கின. நம் வேற்றுமை உருபுகளைக் கொண்டே அவற்றை விளங்கிக்கொள்ளலாம். ‘வேர்’ என்பதில் ‘இல்’ அடங்கியிருக்கிறது. ‘விதர்’ என்பதில் ‘கு’. ‘வென்ஸ்’ என்பதில் ‘இருந்து’. வாழும் ஊருக்கு ‘வேர்’, போகும் ஊருக்கு ‘விதர்’, புறப்பட்ட ஊருக்கு ‘வென்ஸ்’.

இன்று ‘விதர்’ பேச்சு வழக்கில் இல்லை. அதன் வேலையையும் ‘வேர்’ செய்கிறது. நாமும் “எங்கே இருக்கிறாய்?”, “எங்கே போகிறாய்?” என்று ஒரே சொல்லால் கேட்கிறோம் அல்லவா? ‘வென்ஸ்’ என்பதற்குப் பதிலாக ‘வேர்’ எழுதினால் ‘ஃப்ரம்’ கட்டாயம் வேண்டும். ஆனால் ‘நான் வசிக்கும் வீடு’ என்பதற்கு ‘வேர்’ எழுதிவிட்டு, இறுதியில் ‘இன்’ சேர்ப்பது பிழை. ‘விச்’ எழுதினால்தான் ‘இன்’ தேவை.

நடந்ததை அறிந்த சிஸ்டர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய ஆங்கில வேதாகமத்தைத் தந்து, மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்தும் சங்கீதத்தை வாசிக்கச் சொன்னார்கள். முதல் வசனத்திலேயே ‘ஃப்ரம் வென்ஸ்’! எனக்கு நா எழவில்லை. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் வேதாகமத்திலும் அச்சொற்கள் உள்ளன; ஷேக்ஸ்பியரும் எழுதியிருக்கிறார். 1755-இல் டாக்டர் ஜான்சன் தம் அகராதியில் அவ்வழக்கைக் கண்டித்தார். ஆயினும் அது அழியவில்லை. தேர்வில் ‘வென்ஸ்’ மட்டும் எழுதுவதே நலம். ‘ஃப்ரம்’ சேர்த்தவரை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை.

அன்று மாலையே அத்தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை அக்கா” என்றாள். ஆனால் போட்டி முடிந்துவிட்டிருந்தது. அதை என்னால் திருப்பித் தர இயலவில்லை.

இவ்வாண்டு அவள் மேடையேறினாள். பரிசு கிடைக்கவில்லை. அவள் உரையில் அந்த ‘ஃப்ரம் வென்ஸ்’ அப்படியே இருந்தது. முதலில் கைதட்டியவள் நான்தான்.

அன்புத் தோழியரே, பிறர் சொல்லில் பிழை காணுமுன் நம் அறிவின் அளவைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.