இரண்டே முக்கால்

படத்துக்கு மார்க் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன் நான். அந்த மார்க்கை எப்படிப் போடுகிறேன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்: இன்டர்வெல்லில் போட்டுவிடுவேன்.

பிரஸ் ஷோவில் விளக்கு எரிந்ததும் எல்லோரும் டீ கப்போடு வராந்தாவுக்கு வந்துவிடுவோம். வாய் திறந்து யாரும் நல்லா இருக்கு என்று சொல்லிவிட மாட்டார்கள். ஒருத்தர் புருவத்தைத் தூக்குவார், இன்னொருத்தர் "செகண்ட் ஹாஃப் பாப்போம்" என்பார். சீனியர் ஒருவர் உதட்டைப் பிதுக்கினால் என் கணக்கில் ஒரு ஸ்டார் காலி. திரும்ப உள்ளே போய் உட்காரும்போது தீர்ப்பு எழுதியாகிவிட்டது. மிச்சப் படம் முழுக்க அதற்குச் சாட்சி தேடுகிற வேலைதான்.

2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்துக்கும் இதைத்தான் செய்தேன். முதல் பாதியில் காணாமல்போன ஆய்வாளரைத் தேடிக்கொண்டு ஒரு கூட்டம் புறப்படுகிறது. பாம்பு, புதைமணல் என்று கண்டம் கண்டமாகத் தாண்டுகிறது. "இங்கிலீஷ் படத்த உருவிட்டான்யா" என்றது வராந்தா. சரி, காப்பி என்று முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டாம் பாதியில் படம் வேறு எங்கோ போய்விட்டது. பட்டினியில் கிடக்கும் சோழ ஜனங்கள், காதுக்குப் பழகாத தமிழ், அரசனாக பார்த்திபன். 'தாய் தின்ற மண்ணே' பாட்டுக்கு அவர் ஆடிக்கொண்டிருந்தபோது நான் குனிந்து, இருட்டில் தடவித் தடவி, நோட்டில் 'நீளம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. விமர்சனத்தில் மட்டும் 'பார்த்திபன் வீணடிக்கப்பட்டிருக்கிறார்' என்று ஒரு வரி இருந்தது.

இதைக்கூட அனுபவம் போதாது என்று தள்ளிவிடலாம். அடுத்து செய்ததற்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. வருடங்கள் போகப்போக காற்று திசை மாறியது. பையன்கள் அந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள். தியேட்டருக்கே திரும்ப வந்து கைதட்டல் வாங்கியது. நானும் 'காலத்தை முந்திய படம்' என்று கட்டுரை எழுதினேன். பழைய ஸ்டாரைப் பற்றி மூச்சு விடவில்லை. படத்தையாவது முழுசாகத் திரும்பப் பார்த்தேனா என்றால் அதுவும் இல்லை. யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்து ஒப்பேற்றினேன். முதலில் திட்டியதும் பிறகு புகழ்ந்ததும் ஒரே காரியம்தான். அந்தந்த நேரத்தில் எந்தப் பக்கம் நின்றால் சிரிக்க மாட்டார்களோ, அந்தப் பக்கம் நின்றேன்.

'16 வயதினிலே' படத்துக்கு 1977இல் ஆனந்த விகடன் போட்ட 62.5 மார்க்கை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள். அந்த அரை மார்க்குக்காக அங்கே எவ்வளவு நேரம் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். என் அரை, முக்கால் எல்லாம் வேறு ஜாதி. மூன்று போட்டால் 'காசு வாங்கிட்டான்' என்பார்கள். இரண்டரை போட்டால் பி.ஆர்.ஓ. போனில் வருத்தப்படுவார். இரண்டே முக்கால் போட்டால் ஒரு போனும் வராது. தராசில் நிறுத்து வந்த எண்ணைப் போல இருக்கும்; உள்ளே பயத்தைத் தவிர ஒன்றும் கிடையாது.

பெரிய படத்திடம் பயம் என்றால் சின்னப் படத்திடம் இரக்கம். அதற்குத் துணையாக நான் இழுத்துக்கொண்டது ரோஜர் ஈபர்ட்டை. ஸ்டார் என்பது ஒப்பீட்டுக் கணக்கு என்பார் அந்த அமெரிக்க விமர்சகர். 'ஹெல்பாய்' எப்படி என்று ஒருவர் கேட்டால் அதை 'தி பனிஷர்' மாதிரிப் படங்களோடு வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும், 'மிஸ்டிக் ரிவர்' பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி. நியாயமான பேச்சு. ஒரு படம் எதைச் செய்யப் புறப்பட்டதோ, அதைச் செய்ததா என்று பார்க்கச் சொல்கிறார். நான் அதை என் வசதிக்கு வளைத்துக்கொண்டேன். கடன் வாங்கி எடுத்தார், புதுமுகம், ஊர்ப்பக்கத்துக் கதை என்றால் கூட அரை ஸ்டார். அந்தச் சலுகையை நம்பி நூற்றைம்பது ரூபாய் டிக்கெட் எடுத்து உள்ளே போய் உட்காருகிறவரும் மாதக் கடைசியில் கடன் வாங்குகிறவர்தான் என்பது எழுதும்போது தோன்றியதே இல்லை.

அப்படி ஒரு படம். வசனம் உதட்டோடு ஒட்டவில்லை, கடைசி அரைமணி நேரம் ஒரே அழுகை. நடுவில் ஒரு காட்சி மட்டும், ரேஷன் கடை வாசலில் அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் தெரியாத மாதிரி வரிசையில் நிற்பது, அசலாக இருந்தது. அந்தக் காட்சியைப் பற்றி ஒரு பத்தி எழுதிவிட்டு மற்றதை 'சிறு குறைகள்' என்று கடந்து மூன்று போட்டேன். இயக்குநர் போன் பண்ணி, "சார், நீங்க ஒருத்தர்தான் புரிஞ்சுக்கிட்டீங்க" என்றார். கடைசி அரைமணி நேரம் இழுவை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். "அடுத்தது எப்போ?" என்று கேட்டேன்.

அடுத்ததில் ரேஷன் கடைக் காட்சி போல ஒன்றுகூட இல்லை. அழுகை முக்கால் மணி நேரமாகியிருந்தது. அதற்கு இரண்டே முக்கால்.