கடைசி வரிசை வரை கேட்ட குரல்

"ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது" என்பார்கள் நம் பெரியோர். என் கால் ஆடிப் பழகியதில்லை. என் வாயோ வகுப்பில் பாடம் படிக்க எழுந்தாலே தடுமாறும். அப்படிப்பட்ட என்னை, இவ்வாண்டு நம் பள்ளி ஆண்டு விழாவில் நடந்த "ஊதாரி மைந்தன்" நாடகத்தில் தந்தையாக நடிக்கச் சொன்னார்கள். வகுப்பிலேயே நான்தான் உயரம் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை.

எனக்கு அழுகை வந்தது. என் தோழியர் பலர் பட்டுப்பாவாடை கட்டிக் கோலாட்டம் ஆடப்போகிறார்கள். எனக்கு மட்டும் பஞ்சுத் தாடியும் கைத்தடியும்! மறுநாளே வகுப்பில் எல்லோரும் என்னைத் "தாத்தா, தாத்தா" என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அம்மாச்சியிடம் முறையிட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பொம்பளப் புள்ள கிழவனா நடிக்கிறதுக்கா இவ்வளவு அழுகை? எங்க ஊர்ப் புள்ள சிவாஜி முதன்முதல்ல என்ன வேஷம் போட்டார் தெரியுமா? சீதை வேஷம்!"

அம்மாச்சி திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். நடிகர் திலகம் சிவாஜி கணேசன் சிறுவயதில் வாழ்ந்த சங்கிலியாண்டபுரமும் திருச்சியில்தான் இருக்கிறது. ஆகவே அவரை "எங்க ஊர்ப் புள்ள" என்றுதான் சொல்லுவார். அந்தச் சனிக்கிழமை மாலையே என்னை அடையாற்றில் உள்ள சிவாஜி மணிமண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். ஒருநாளும் உள்ளே நுழைந்ததில்லை. 2006-ஆம் ஆண்டு கடற்கரைக் காமராசர் சாலையில் நிறுவப்பட்ட அவருடைய சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்று 2017 ஆகஸ்டில் அங்கிருந்து எடுக்கப்பட்டு இங்கே வைக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள், அவருடைய பிறந்தநாளன்று, மணிமண்டபம் திறக்கப்பட்டது. சிலையின் முன் நின்றுகொண்டு அம்மாச்சி சொல்லச் சொல்ல நான் கேட்டவற்றையும், பிறகு படித்து அறிந்தவற்றையும் இங்கே என் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1928-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சின்னையா மன்றாயருக்கும் இராஜாமணி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தவர் கணேசன். தந்தையார் ரயில்வேயில் பணியாற்றியவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். சிறுவன் கணேசன் ஒருநாள் ஊரில் நடந்த கட்டபொம்மன் கூத்தைப் பார்த்தான். அன்றே நடிப்பு ஆசை அவனைப் பற்றிக்கொண்டது. ஏழு வயதளவில் வீட்டை விட்டுப் போய், யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தான். எப்படிச் சேர்ந்தான் தெரியுமா? "நான் ஓர் அநாதை" என்று பொய் சொல்லி!

அந்தக் காலத்தில் இத்தகைய குழுக்களைப் "பாய்ஸ் கம்பெனி" என்பார்கள். அக்குழுக்களில் பெண்கள் நடிப்பதில்லை. ஆகவே அரசன், அரசி, தோழி, சேவகன் ஆகிய எல்லா வேடங்களையும் சிறுவர்களே ஏற்றார்கள். கம்பெனி வீட்டிலேயே உணவு, உறக்கம், பாட்டு, நடனம், வசனப் பாடம் எல்லாம். ஊர் ஊராகப் பயணம். தாய் தந்தையரைக் காண்பது அரிது. அங்கே கணேசனுக்குக் கிடைத்த முதல் வேடம் இராமாயணத்தில் சீதை. பின்னர் பரதன், சூர்ப்பணகை, இந்திரஜித் என்று ஒரே கதையில் பல பாத்திரங்களைப் போட்டுப் பழகினார். ஆண் பெண்ணாகவும், சிறுவன் கிழவனாகவும் மாறுவது அங்கே கேலிக்குரியதன்று. அதுதான் பாடமே!

இதைக் கேட்டதும் என் பஞ்சுத் தாடியின் மேல் எனக்கிருந்த கோபம் பாதி குறைந்தது.

1940-களின் நடுவில் அறிஞர் அண்ணா எழுதிய "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" நாடகத்தில் கணேசன் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்தார். அதைப் பார்த்த தந்தை பெரியார் "சிவாஜி" என்று அழைத்துப் பாராட்ட, வி.சி. கணேசன் சிவாஜி கணேசன் ஆனார். 1952-ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளிவந்த "பராசக்தி" அவருடைய முதல் படம். கலைஞர் மு. கருணாநிதி வசனம் எழுத, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கினார்கள். படப்பிடிப்பு தொடங்கியபோது, "இந்த மெலிந்த பையன் வேண்டாம், வேறு நடிகரைப் போடலாம்" என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நன்றியைச் சிவாஜி மறக்கவுமில்லை. புகழின் உச்சிக்குப் போன பிறகும் பொங்கல்தோறும் வேலூருக்குச் சென்று பெருமாள் அவர்களுக்கு மரியாதை செய்துவந்தார் என்பதை அறிந்தபோது, எனக்கு அவருடைய நடிப்பைவிட அதுவே பெரிதாகத் தோன்றியது.

பிறகு வந்தவை எல்லாம் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த வரலாறு. 280-க்கும் மேற்பட்ட படங்கள். "நவராத்திரி"யில் (1964) ஒன்பது வேடங்கள். "தெய்வ மகன்" (1969) படத்தில் மூன்று. "கப்பலோட்டிய தமிழன்" (1961) படத்தில் அவரே வ.உ.சி. சிறுவயதில் கூத்தில் கண்ட கட்டபொம்மனை முதலில் மேடை நாடகமாக்கி ஊர் ஊராக நடித்தார். 1959-இல் அது திரைப்படமாயிற்று. அதற்காக 1960-ஆம் ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். அதோடு நில்லாமல், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தம் செலவில் இடம் வாங்கி அவ்வீரனுக்குச் சிலையும் எழுப்பினார். 1966-இல் பத்மஸ்ரீ, 1984-இல் பத்மபூஷண், 1995-இல் பிரெஞ்சு அரசின் செவாலியே விருது, 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது என்று சிறப்புகள் வந்தன. ஆனால் சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவேயில்லை! 2001-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் அவர் மறைந்தார்.

இவ்வளவும் அறிந்துகொண்ட பெருமிதத்தோடு ஒத்திகைக்குப் போனேன். சிவாஜியைப் போலவே கையை உயர்த்தி, கண்ணை உருட்டி, தொண்டை கிழிய வசனம் பேசினேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒரு தோழி, "ஓவர் ஆக்டிங்! சிவாஜி மாதிரியே!" என்றாள். எனக்கு அவமானமாகிவிட்டது. என்னைச் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எங்கள் ஊர்ப் பிள்ளையைச் சொல்லலாமா?

அம்மாச்சியிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "அப்பல்லாம் கொட்டகைல மைக் ஏதுடி? கடைசி வரிசையில அணா டிக்கெட்டுல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் கேக்கணும், முகம் தெரியணும். அப்படிப் பழகின உடம்பு அது" என்றார். அன்றிரவே, 1972-இல் வெளிவந்த "ஞான ஒளி" படத்தைப் போட்டுக் காட்டினார். கல்லூரியில் படித்தபோது ஞாயிறு பூசை முடிந்து தோழியரோடு போய்ப் பார்த்த படமாம். அதில் சிவாஜி, மாதா கோயிலை அண்டி வாழும் அந்தோணி என்ற ஏழை. மகள் மேரி மீது உயிரையே வைத்திருக்கும் தந்தை. பெரிய வசனங்கள் முடிந்த பிறகு வாய் பேசாமல் அவர் நிற்கும் இடங்களில் என் கண்கள் நிறைந்தன. அடுத்த நாள் "முதல் மரியாதை" (1985) பார்த்தோம். அதில் ஊர்ப் பெரியவராக வரும் அவர் குரலை உயர்த்துவதே அபூர்வம். பாரதிராஜாவின் படத்தில், கட்டபொம்மனாகக் கர்ஜித்த அதே மனிதர் ஒரு பெருமூச்சில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. உரக்கப் பேசக் கற்றவருக்கே அடங்கிப் பேசவும் தெரிந்திருக்கிறது. நான் அவருடைய சத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவர் எங்கிருந்து எடுத்தார் என்று பார்க்கவில்லை. "திருவருட்செல்வர்" (1967) படத்தில் வயது முதிர்ந்த அப்பராக நடித்தபோது, காஞ்சிப் பெரியவரின் தோற்றத்தையும் அசைவையும் மனத்தில் கொண்டே நடித்தார் என்பார்கள். அதாவது, அவர் கண்ணாடியைப் பார்த்து நடிக்கவில்லை; மனிதர்களைப் பார்த்து நடித்தார்.

அடுத்த ஒத்திகையில், நாடகத்தைப் பயிற்றுவித்த அருட்சகோதரி என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். "அந்தத் தந்தை மகனை எங்கே பார்க்கிறார்?"

"தூரத்தில் வரும்போதே பார்க்கிறார், சிஸ்டர்."

"தூரத்தில் வருபவனை எப்படிப் பார்க்க முடிந்தது? தினமும் வாசலுக்கு வந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்திருந்தால்தானே? நீ பேசும் முதல் வசனத்துக்கு முன்னால் எத்தனை நாள் நின்றிருக்கிறாய் என்று யோசித்துப் பார்."

நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அப்படி வாசலில் நிற்கும் ஒருவரை எனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு என் அண்ணன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டான். அப்பா கடிந்துகொண்டார். இருவருக்கும் வார்த்தை தடித்தது. அண்ணன் நண்பன் ஒருவனோடு கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அம்மாவோடும் என்னோடும் தொலைபேசியில் பேசுவான், அப்பாவோடு பேசமாட்டான். அப்பாவும் அவன் பெயரை எடுப்பதில்லை. அப்பாவுக்குக் கல் நெஞ்சு என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

அன்றிரவு அப்பாவைப் பார்த்தேன்; அதாவது, முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு வெளிக் கேட்டுக்குப் போனார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றார். பேருந்து நிறுத்தத்திலிருந்து யாரோ நடந்து வந்தார்கள். அப்பாவின் கழுத்து கொஞ்சம் முன்னே நீண்டது. வந்தவர் விளக்கு வெளிச்சத்துக்கு வந்ததும் கழுத்து பழைய நிலைக்குத் திரும்பியது. பூட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் சிறிது நேரம் நின்றார். பத்து மணிக்குத்தான் பூட்டினார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஆண்டு விழா அன்று திரை விலகியதும் நான் எதுவும் பேசவில்லை. அட்டையில் செய்த வாசலில் நின்று, கழுத்தைக் கொஞ்சம் நீட்டி வழியைப் பார்த்தேன். யாரும் வரவில்லை. தலையைத் தாழ்த்தினேன். மறுபடி பார்த்தேன். கூட்டத்தில் ஒரு சிரிப்புகூட எழவில்லை. மகனாக நடித்த தோழி மேடையின் மறுமுனையில் தோன்றியபோது நான் கைத்தடியைப் போட்டுவிட்டு ஓடினேன். பஞ்சுத் தாடி நனைந்துவிட்டது. வசனத்தில் இரண்டு வரிகளை மறந்தும் போனேன். ஆனால் அதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா ஒன்றும் பேசவில்லை. கேட்டைப் பூட்டும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். "நான் அப்படித்தான் நிக்கிறேனா?" என்று கேட்டார். ஆம் என்று தலையசைத்தேன். வெகுநேரம் கழித்து, "உங்க அண்ணனுக்கு ஒரு போன் போடும்மா" என்றார்.

அண்ணன் இன்னும் வீடு திரும்பவில்லை. ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசுகிறான். இக்கட்டுரையை அப்பாவிடம் படித்துக் காட்டி, அவர் அனுமதி பெற்றே இதழுக்குக் கொடுத்திருக்கிறேன்.

தோழியரே, தாயை விட்டு, "நான் அநாதை" என்று சொல்லிப் போன அந்தச் சிறுவன் பின்னாளில் தியாகராய நகரில் தான் வாழ்ந்த வீட்டுக்கு என்ன பெயர் வைத்தான் தெரியுமா? "அன்னை இல்லம்"! எவ்வளவு தூரம் போனாலும் மனம் திரும்பி வரும் வாசல் ஒன்று உண்டு என்பதை அந்தப் பெயர் எனக்குச் சொல்கிறது. அந்த வாசலில் நிற்பவர்களின் குரல் உரக்கக் கேட்பதில்லை. அதைக் கேட்கக் கற்பதற்கு எனக்கு ஒரு நாடகம் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டு நம்மில் யாருக்கேனும் பஞ்சுத் தாடி கிடைத்தால், அழவேண்டாம். முதலில் வீட்டுக்குப் போய், வீட்டிலுள்ளவர்களை ஒருமுறை நன்றாகப் பாருங்கள்.

— மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு