சூடேறிய எந்திரம்

கற்பிட்டிக் கரையில் இரும்புக்கு ஆயுள் குறைவு. வேலிக் கம்பியைக் கறளாக்கும் உப்புக் காற்று, கடல் கடந்து உழைத்து வாங்கிய காரை மட்டும் விட்டுவைக்குமா?

கட்டாரில் ஆறாண்டு உழைத்த என் தம்பி, அந்தச் சம்பாத்தியத்தில் பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். உடலைத் தாழ்த்தி, புகைக்குழாயை மாற்றி அழகு பார்த்தான். 2023இல் மறுபடியும் அவன் கட்டாருக்குப் போனபோது, அதை விற்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அது ஜெர்மானியரான பீலிக்ஸ் வாங்கெல் வகுத்த சுழல் எந்திர வகை. பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோணச் சுழலி ஒன்று உள்ளே சுழலும். அதன் முனைகளிலுள்ள மெல்லிய அடைப்புகள் தேய்ந்தால் அழுத்தம் கசியும். ஆறியிருக்கையில் உடனே இயங்கும் எந்திரம், ஓடிச் சூடேறியபின் நிறுத்தினால் மீண்டும் இயங்க மறுக்கும். எங்கள் வண்டிக்கு இந்த நோய் இருந்தது.

"காலையிலே காட்டுங்க மாஸ்டர், எஞ்சின் ஆறியிருக்கும்" என்றார் தரகர்.

அவர் காலமறிந்த மனிதர். அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில், 2022இல், நாடு வெளிக்கடனைக் கட்ட இயலாது கைவிரித்தது, ரூபாய் சரிந்தது. பழுதான வண்டிக்கும் பொன் விலை கிடைத்தது. சட்டமும் தரகரின் பக்கமே. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, தனியாள் ஒருவர் விற்கும் பழைய பொருளின் தரத்துக்குப் பொதுவாக உத்தரவாதம் கிடையாது. விழித்திருக்க வேண்டியவர் வாங்குபவரே.

வாங்க வந்தவர் வென்னப்புவைச் சிங்கள இளைஞர். அவருடைய தாய் இத்தாலியில் முதியவர்களைப் பராமரித்து அனுப்பிய பணம் அவர் கையில் இருந்தது. நான் மறைக்கும் ஒவ்வொரு பழுதும் முகமறியாத அத்தாயின் உழைப்பிலிருந்து திருடுவதாகாதா?

பாலாவிச் சந்திவரை அவரே ஓட்டினார். அங்கே நிறுத்தச் சொல்லி, "இப்போது திருப்பிப் பாருங்கள்" என்றேன். எந்திரம் உறுமியதே தவிர இயங்கவில்லை. அது ஆறும்வரை தேநீர் குடித்தோம். பழுதுபார்க்கும் செலவைக் கழித்து விலை பேசினோம்.

செய்தி கேட்ட தம்பி தொலைபேசியில் வெகுநேரம் பேசவில்லை. "நானா, இன்னும் ஒரு வருஷம் நிக்கணும் போல" என்றான் கடைசியில்.

நேர்மைக்கு விலை உண்டு. அதை அவனே கொடுக்கிறான். ஆயினும் அந்த ஓராண்டை இன்னொரு வீட்டுத் தாயின் தலையில் ஏற்றிவிட எவருக்கு உரிமை? நெருக்கடியை உண்டாக்கியவர்கள் அவனுமல்லர், அவளுமல்லர். அதன் சுமையை உழைப்பாளர் இருவர் ஒருவர் முதுகிலிருந்து மற்றவர் முதுகுக்கு மாற்றிக்கொண்டிருக்கும்வரை, அதை உண்டாக்கியவர்களிடம் யாரும் கணக்குக் கேட்கப் போவதில்லை.