மரமில்லாத சவப்பெட்டி

2011 செப்டம்பர் 25 அன்று நைரோபியில் வங்காரி மாத்தாய் புற்றுநோயால் இறந்தபோது வீட்டாருக்கு ஒரு புதுச் சிக்கல். தன் உடலை மரப்பெட்டியில் வைக்கவே கூடாது என்று அந்த அம்மா சொல்லி வைத்திருந்தார். கடைசியில் மூங்கில், பாப்பிரஸ் கோரை, ஆகாயத்தாமரை இவற்றை வைத்தே பெட்டி செய்தார்கள். ஆமாம், நம்மூர் ஏரிகளை மூடிக் கிடக்கிறதே, அதே ஆகாயத்தாமரைதான்!

கென்யாவில் நியேரி பக்கத்துக் கிராமம் அவருடையது. வீட்டருகே பெரிய அத்திமரம். அது கடவுளின் மரம், அதில் சுள்ளிகூடப் பொறுக்காதே என்பாராம் அம்மா. அதன் பக்கத்திலேயே ஓர் ஊற்று. பின்னாளில் மகள் படித்து முடித்து ஊருக்குப் போனால், மரத்தை வெட்டியிருந்தார்கள். ஊற்றும் வற்றியிருந்தது.

1977-ல் பசுமைப் பட்டை இயக்கம் தொடங்கியது. வனத்துறைக்காரர்கள் எடுத்த பாடம் கிராமத்துப் பெண்களுக்குப் புரியவில்லை. சோளம் விதைக்கத் தெரிந்தவர்களுக்கு மரம் வளர்க்க டிப்ளமோ எதற்கு என்று விட்டுவிட்டார் வங்காரி. உடைந்த பானைகளில் கன்றுகள் முளைத்தன. கன்றுக்குச் சில சென்ட் கூலி. அதுவும் நட்டவுடன் கிடையாது, கன்று பிழைத்த பிறகுதான். (இன்சென்டிவ் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் பி.காம். மக்கள் கவனிக்க!)

அவருடைய வகுப்புகள்தான் இன்னும் சுவாரசியம். முதலில் உங்கள் ஊர்ப் பிரச்சினைகளைச் சொல்லுங்கள் என்பார். பட்டியல் நீளும். யார் காரணம் என்றால் எல்லோரும் அரசாங்கத்தைக் கைகாட்டுவார்கள். அதை அவர் மறுக்க மாட்டார். ஆனால் சரிவில் நின்ற மரங்களை வெட்டியது யார் என்று மெல்லக் கேட்பார். அப்புறம் தப்பான பஸ்ஸில் ஏறியவன் கதை வரும். ஏன் ஏறினான்? யாரையும் விசாரிக்கவில்லை, போர்டு படிக்கத் தெரியாது, குடித்திருந்தான்... ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பயணி யாரென்று புரிந்து சிரிப்பு அடங்கிவிடும்.

கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தவரை அரசு சும்மா விடுமா? 1989-ல் நைரோபியின் உஹுரு பூங்காவில் 60 மாடிக் கட்டடம் கட்டத் திட்டம். வங்காரி கடிதம் மேல் கடிதம் எழுதினார். எம்.பி.க்கள் நாடாளுமன்றத்திலேயே அவரைக் கேலி செய்தார்கள். விவாகரத்தானவர் என்பதும் ஒரு குற்றமாம்! இயக்கத்தின் அலுவலகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். வேலை அவர் வீட்டிலிருந்தே நடந்தது. கட்டடம் எழவில்லை.

2004-ல் நோபல் அமைதிப் பரிசு வந்தபோது இயக்கம் நட்ட மரங்கள் 3 கோடியைத் தாண்டியிருந்தன.

2011 அக்டோபர் 8 அன்று இறுதி மரியாதை. அந்தக் கோரைப்பெட்டியை அரசு மரியாதையோடு கொண்டு வந்து வைத்த இடம், அதே உஹுரு பூங்கா.